வின்செஸ்டர் பேராலயத்துக்குப் பக்கத்து பப்: குடிக்காத அம்மாவை அழைத்துப் போகலாமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அம்மா மதுரையிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. இங்கிலாந்தின் ரெடிங்கில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள பூங்காக்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டார். அக்டோபரில் ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்து அவரை வின்செஸ்டருக்கு அழைத்துப் போகிறேன். பேராலயம், நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் கல்லறை, ஆற்றோர நடை என்று எல்லாம் முடிவாகிவிட்டது. மதியச் சாப்பாடு மட்டும்தான் இழுபறி.

எனக்கு விக்கம் ஆர்ம்ஸ் பப்பில்தான் சாப்பிட வேண்டும் என்று ஆசை. நான்கு வருடம் முன்பு அலுவலக நண்பர்களோடு ஒரு மழைநாளில் அங்கே போனேன். கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாக, ஒரு பொது இடத்தில் யாருடைய வீட்டிலோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது அன்றைக்குத்தான். அதை அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

அம்மாவோ, "சாராயக்கடையில் போய் யாராவது சோறு தின்பார்களா?" என்கிறார். வயது 68. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பெற்றோரை இப்படி ஒரு பழைய பப்புக்கு அழைத்துப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அவருக்குச் சங்கடமாக இருக்குமா? சாப்பிட ஏதாவது கிடைக்குமா?


ஹாம்ப்ஷயர் மருமகள்

தாராளமாக அழைத்துப் போங்கள் தம்பி. வின்செஸ்டர் பக்கம் 14 வருடமாக இருக்கிறேன். என் மாமியாரையே கூட்டிப் போயிருக்கிறேன்.

முதலில் வழி. பேராலயத்திலிருந்து திரும்ப ஹை ஸ்ட்ரீட்டுக்கு ஏறாதீர்கள். தெற்குப் பக்கமாக வளாகத்துக்குள்ளேயே நடந்தால் செய்னி கோர்ட் என்ற மரச்சட்ட வீடு வரும். ஒரு காலத்தில் அது பிஷப்பின் நீதிமன்றம். அதை ஒட்டிய வாசலைத் தாண்டினால் கிங்ஸ்கேட். பழைய மதில் வாசல், அதன் தலைக்கு மேலே சின்னதாக ஒரு தேவாலயம் உட்கார்ந்திருக்கும். செயின்ட் ஸ்விதன் பெயரில். படியேறிப் பாருங்கள், உள்ளே எப்போதும் அமைதிதான். வாசலுக்கு அந்தப் பக்கம் கிங்ஸ்கேட் ஸ்ட்ரீட், முனையிலேயே பப். இடது பக்கம் திரும்பும் காலேஜ் ஸ்ட்ரீட்டில் 8ஆம் எண் வீட்டில்தான் ஜேன் ஆஸ்டின் 1817 ஜூலை 18 அன்று இறந்தார். வைத்தியத்துக்காக அந்த மே மாதம் வந்தவர், 41 வயதில் போய்விட்டார். அந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் பிறகு பப்புக்குள் நுழையுங்கள்.

பப்புக்குப் பெயர் வந்தது வில்லியம் ஆஃப் விக்கமிடமிருந்து. 14ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டர் பிஷப்பாக இருந்தவர். எதிரே இருக்கும் வின்செஸ்டர் காலேஜ் என்ற பள்ளியை 1382இல் நிறுவியவரும் அவரே. கட்டடம் 1755ஆம் வருடத்தது என்பார்கள். போர்ட்ஸ்மத் போகும் வழியில் கடற்படைத் தளபதி நெல்சன் இங்கே தங்கினார் என்று ஊரில் ஒரு கதையும் உண்டு.

உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கப் போவது மேசைகள்தான். காலேஜில் கழித்துவிட்ட பழைய பள்ளி டெஸ்க்குகளைத்தான் மேசையாகப் போட்டிருக்கிறார்கள். மைக்கூடு வைக்கும் குழி அப்படியே இருக்கும். மேலே உத்தரம் முழுக்கப் பழைய பியர் குவளைகள் தொங்கும். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'விக்' என்பார்கள்.

ஞாயிறு வேண்டாம், கூட்டம் அதிகம். புதன் நல்லது. 12 மணிக்கே போய்விடுங்கள், மேசையை முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். டெஸ்க் மேசை வேண்டும் என்றும் கேளுங்கள்.


தேம்ஸ் தென்கரை

வேறு ஒரு கருத்தைச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

பப் என்றால் பப்ளிக் ஹவுஸ். பொதுமக்களின் வீடு. ஒரு அரை பைன்ட் பியர் வாங்கிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் பேசலாம். ஓட்டல் போலச் சமைத்துப் போடும் 'காஸ்ட்ரோபப்' வந்த பிறகு இது போய்விட்டது என்பது என் ஆதங்கம். அந்தச் சொல்லே 1991இல் லண்டன் கிளார்க்கன்வெல் பகுதியில் 'தி ஈகிள்' என்ற பப்பை இருவர் எடுத்து, நல்ல சமையலோடு நடத்த ஆரம்பித்த பிறகு வந்ததுதான். அதற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த பெரிய மதுவாலைகள், அதற்கு மேற்பட்டவற்றில் பாதியை விற்க வேண்டும், அல்லது தங்கள் பியரையே வாங்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 1989இல் அரசு உத்தரவிட்டது. ஏராளமான வீடுகள் கைமாறின. சில, சமைக்கத் தெரிந்த இளைஞர்களுக்குக் குத்தகைக்குக் கிடைத்தன.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்குப் பல இடங்களில் கதவைத் திறந்ததும் "முன்பதிவு உண்டா?" என்கிறார்கள். எல்லா மேசையிலும் முள்கரண்டியும் ஒயின் கோப்பையும். வெறுமனே உட்கார வருகிறவருக்கு இடமில்லை. ஓட்டல் சாப்பாடு வேண்டுமென்றால் ஓட்டலுக்குப் போகலாமே? பழைய பப்பைப் பார்க்க வேண்டுமென்றால் பழையதாகவே இருப்பதைப் பாருங்கள்.


ஹாம்ப்ஷயர் மருமகள்

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் விக்கில் இரண்டும் இருக்கிறது. சாப்பாட்டு மேசைகள் ஒரு பக்கம், பார் ஒரு பக்கம். பாரில் தினமும் வரும் கிழவர்கள் நாயோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பாடு இல்லாத பப்பில் என் மாமியார் என்ன செய்வார்? நீங்கள் சொல்லும் பழைய பப்பில் ஒரு பாக்கெட் கிரிஸ்ப்ஸும் வறுத்த கடலையும்தான் கிடைக்கும். பெண்கள், பெரியவர்கள், குடிக்காதவர்கள் எல்லோரும் தயங்காமல் உள்ளே வர ஆரம்பித்தது சமையலறை வந்த பிறகுதான். 2007 ஜூலை 1 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை வந்ததும் ஒரு பெரிய காரணம். அதற்கு முன் அந்த நெடியில் நான் ஐந்து நிமிடம் நிற்க மாட்டேன்.


தேம்ஸ் தென்கரை

புகை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். பாரில் கிழவர்கள் இன்னும் வருகிறார்கள் என்றால் அது நல்ல வீடுதான்.


அடுப்படி சுகந்தி

நான் மூன்று பப் சமையலறைகளில் வேலை பார்த்தவள், இப்போதும் பார்க்கிறேன். உங்கள் அம்மா முட்டையும் சாப்பிட மாட்டார் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் உதவும்.

மெனுவில் 'வெஜிடேரியன்' என்று போட்டிருந்தால் அதில் முட்டை இருக்கலாம். இங்கே அது சைவக் கணக்குதான். அதனால் 'வீகன்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் முட்டை, பால் எதுவும் இருக்காது. வெண்ணெய் வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ளலாம். இந்த ஒரு வழி தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும்.

சிப்ஸ் (இங்கே நீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு) பார்க்க அப்பாவியாக இருக்கும். சில சமையலறைகளில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். எண்ணெயில் பொரித்தாலும், மீன் பொரித்த அதே சட்டியாக இருக்கலாம். "தனிச் சட்டி உண்டா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை, எங்களுக்கு அது தினமும் வரும் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டில் உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ வறுப்பது வழக்கம். யார்க்‌ஷயர் புட்டிங் மாவில் முட்டை உண்டு. கிரேவி இறைச்சிச் சாறு. கொட்டைகளில் செய்யும் நட் ரோஸ்ட்டைச் சேர்த்துப் பிடிக்கவும் பெரும்பாலும் முட்டைதான். சூப்பில் காய்கறி மட்டும் தெரிந்தாலும், அடியில் கோழிச் சாறு இருக்கலாம். பார்மெசான் சீஸ் கன்றின் இரைப்பை நொதியில் உறைய வைப்பது, அது சைவமே இல்லை. வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கிறது, சீஸ் டோஸ்ட்டில் கூட அதை ஊற்றுவார்கள்.

வந்த புதிதில் ஒரு ஊரில், ஒரு பப்பில், வெஜிடபிள் பை ஆசையாகச் சாப்பிட்டேன். தட்டை எடுக்க வந்த பெண்ணிடம் மேல்மாவு நன்றாக இருந்தது, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். சூயட் என்றாள். மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. அன்றிரவு தூங்கவில்லை. அந்தப் பெண் மேல் குற்றமில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை, சமையலறையில் யாருக்கும் அதைச் சொல்லவும் தோன்றவில்லை. பிறகு இந்தத் தொழிலுக்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று என் சமையலறையில் யார் கேட்டாலும் நானே வெளியே வந்து சொல்கிறேன்.

2014 டிசம்பரிலிருந்து 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் எந்த உணவில் உண்டு என்று கடைக்காரர் சொல்லியாக வேண்டும். அதில் முட்டை, மீன், பால் எல்லாம் வரும். அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாட்டுக் கொழுப்பு அந்தப் பட்டியலில் இல்லை, அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இனிப்புக்கு ஆப்பிள் கிரம்பிள் கேளுங்கள். மேலே ஊற்றும் கஸ்டர்ட் வேண்டாம், நல்ல சமையலறையில் அது மஞ்சள்கருவில் செய்வது. (டப்பாவில் வரும் பேர்ட்ஸ் கஸ்டர்ட் பொடி வேறு. மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆல்ஃபிரட் பேர்ட் 1837இல் சோளமாவில் செய்தது அது. எனக்குப் பிடித்த கதை.) கிரீம் கேட்டால் தருவார்கள்.


மழைமானி

சுகந்தி அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். வைகைக்கரை, நீங்களும் சைவமாக இருந்து பியர் குடிப்பவராக இருந்தால், பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இறைக்கும் கேஸ்க் ஏல் என்ற பியர் எல்லாம் சைவம் என்று சொல்ல முடியாது. அதில் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கும், பீப்பாய்க்குள்ளேயே புளித்துக்கொண்டிருக்கும். அந்தக் கலங்கலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்ளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். இப்போது சேர்க்காதவர்களும் உண்டு, கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம் அந்த ஏல் சில்லென்று இருக்காது. 11 முதல் 13 டிகிரி வரை, நிலவறைக் குளிர்தான் அதற்குச் சரி. ஐஸ் போல இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.


இரா. தொல்லியல் விரும்பி

பேராலய நகரங்களில் ஏன் இவ்வளவு பழைய பப்புகள் என்று யோசித்திருக்கிறீர்களா? பேராலயம் கட்ட நூறு வருடம் போல ஆகும். கல்தச்சர்கள், தச்சர்கள், வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் குடிக்க ஏல் வேண்டும். கட்டி முடித்ததும் யாத்திரிகர் வருவார்கள். வின்செஸ்டரில் செயின்ட் ஸ்விதன் சமாதியைத் தொட்டு வணங்க நாடெங்கிலுமிருந்து வந்தார்கள், 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் அதை இடிக்கும் வரை. வளாகத்தில் இன்றும் பில்கிரிம்ஸ் ஹால் என்று ஒரு கூடம் நிற்கிறது. அதன் மரக்கூரையை அண்ணாந்து பாருங்கள், 14ஆம் நூற்றாண்டு வேலை.

சின்ன ஆலோசனை. 'இங்கிலாந்திலேயே மிகப் பழைய பப்' என்று எந்த ஊர்ப் பலகை சொன்னாலும், கட்டடத்தின் வயது, அந்த இடத்தில் மது விற்ற வருடம், அந்தப் பெயரின் வயது மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். செயின்ட் ஆல்பன்ஸில் ஃபைட்டிங் காக்ஸ் என்ற எண்கோண வீட்டுக்கு ஒரு காலத்தில் கின்னஸ் புத்தகத்தில் அந்தப் பட்டம் இருந்தது. நிரூபிக்க முடியாது என்று 2000இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அதனால் அந்த வீட்டின் அழகு குறையவில்லை. புறாக்கூண்டாக இருந்த கட்டடத்தை, அங்கிருந்த கிறிஸ்தவத் துறவியர் மடம் மூடப்பட்ட பிறகு பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது என்பார்கள். விக்கத்தில் எனக்குப் பிடித்தது, 1755 என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அம்மாவுக்கு இரண்டு இடம் கட்டாயம் காட்டுங்கள். பேராலய முற்றத்தில் தாமஸ் தெட்சர் என்ற சிப்பாயின் கல்லறைக்கல். 1764இல், 26 வயதில், உடல் சூடாக இருந்தபோது ஸ்மால் பியர் குடித்துக் காய்ச்சலில் இறந்தார் என்று அதில் செதுக்கியிருக்கிறது. ஸ்மால் பியர் என்பது எல்லோரும் தண்ணீர் போலக் குடித்த மெலிந்த பியர். 1918இல் போருக்குப் போகும் வழியில் இந்தக் கல்லைப் படித்த அமெரிக்க வீரர் ஒருவர்தான் பின்னாளில் குடிநோயாளிகளுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர், பில் வில்சன்.

இன்னொன்று செயின்ட் கிராஸ். பப்பிலிருந்து ஆற்றோரப் புல்வெளி வழியாக ஒரு மைல். மன்னர் வில்லியம் த கான்கரரின் பேரனும் பிஷப்புமான ஹென்றி ஆஃப் புளுவா 1130களில் ஏழை முதியவர்களுக்காகக் கட்டிய தர்ம இல்லம். இன்றும் முதியவர்கள் அங்கே வாழ்கிறார்கள். வாசற்காவலரிடம் கேட்டால் யாராக இருந்தாலும் ஒரு துண்டு ரொட்டியும் சின்னக் குவளையில் பியரும் தருவார்கள். வழிப்போக்கர் பங்கு. இவ்வளவு காலம் கழித்தும் கேட்டால் கிடைக்கிறது என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.


வைகைக்கரை

போய் வந்தோம். எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ரெடிங்கிலிருந்து ரயில் ஒரு மணி நேரத்துக்குள். பேராலயத்தில் அம்மா அதிக நேரம் நின்றது ஆஸ்டின் கல்லறையில் இல்லை, முக்குளிப்பவர் வில்லியம் வாக்கரின் சின்னச் சிலை முன்னால். அடித்தளம் சதுப்பில் அமிழ்ந்து சுவர் விரிசல் விட்டபோது, 1906 முதல் 1911 வரை அந்த ஒரு மனிதர் கலங்கல் தண்ணீருக்குள் இறங்கி, கண் தெரியாத இருட்டில், கையாலேயே தடவித் தடவி 25,000க்கு மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளை அடுக்கியிருக்கிறார். நான் சொல்லச் சொல்ல அம்மா, "அந்த மனுஷன் நல்லா இருந்தாரா கடைசி வரைக்கும்?" என்று கேட்டார். 1918இல் விஷக்காய்ச்சலில் போய்விட்டார் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

12 மணிக்கு விக். வாசலில் அம்மா ஒரு நிமிடம் தயங்கினார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். உள்ளே நுழைந்ததும் டெஸ்க்குகளைப் பார்த்தார். இதை நான் முதல் பதிவில் சொல்லியிருக்க வேண்டும்: அம்மா 31 வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியர். உட்கார்ந்தவுடன் மைக்கூட்டுக் குழியில் விரலை விட்டுப் பார்த்தார். பலகையில் பிள்ளைகள் கத்தியால் கீறியிருந்த எழுத்துகளைத் தடவினார். "இதுக்கு நல்லா அடி வாங்கியிருப்பானுங்க" என்றார். அதற்குப் பிறகு அது சாராயக்கடை இல்லை.

சுகந்தி அக்கா சொன்னதை எல்லாம் முன்தினமே தொலைபேசியில் சொல்லி வைத்தேன். வந்த பெண் பொறுமையாக ஒவ்வொன்றையும் சமையலறையில் கேட்டு வந்து சொன்னார். அம்மாவுக்குப் பூசணி சூப், ரொட்டி, வேகவைத்த காய்கள். காரம் இல்லை என்று சொன்னார், ஆனால் ரொட்டியை இரண்டு முறை கேட்டு வாங்கினார். குடிக்க லைம் சோடா. எனக்கு ஒரு அரை பைன்ட் ஏல். அம்மா முன்னால் முதல்முறை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, "கசக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

தென்கரை, உங்களுக்காக இதைக் கவனித்தேன். பார் ஓரத்தில் ஒரு பெரியவர், காலடியில் ஒரு வயதான நாய், அரை பைன்ட், செய்தித்தாள். நாங்கள் வந்தபோது இருந்தார், ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பும்போதும் இருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. அம்மா அவரைத்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அவர் அம்மாவின் புடவையைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "சுங்குடின்னு சொல்லு" என்றார் அம்மா.

செயின்ட் கிராஸ் வரை நடந்தோம். ரொட்டித் துண்டை அம்மா வாங்கிக்கொண்டார், பியர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார். பாதி ரொட்டியைக் கைக்குட்டையில் முடிந்து வைத்தார், அக்காவுக்குக் கொடுக்க வேண்டுமாம்.


அடுப்படி சுகந்தி

படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்தச் சமையலறையில் இருப்பவர்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள் தம்பி. குறை சொல்லித்தான் எங்களுக்கு எழுதுவார்கள்.


தேம்ஸ் தென்கரை

ஒன்றரை மணி நேரம், அரை பைன்ட். சரி, அந்த வீட்டைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.


வைகைக்கரை

சுகந்தி அக்கா, நேற்றே எழுதிவிட்டேன். அம்மா தமிழில் இரண்டு வரி எழுதித் தந்தார், அதையும் சேர்த்து அனுப்பினேன்.

தொல்லியல் விரும்பி அவர்களுக்கு ஒரு கேள்வி. அம்மா ஊருக்குத் திரும்ப இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அந்த எண்கோண வீட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார். முழங்கால் வலி உண்டு, ஸ்டேஷனிலிருந்து நடக்க முடியுமா?


இரா. தொல்லியல் விரும்பி

செயின்ட் ஆல்பன்ஸ் சிட்டி ஸ்டேஷனிலிருந்து பேராலயம் வரை டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றம் உண்டு. பேராலயக் கோபுரத்தை முதலில் பாருங்கள், பக்கத்து ரோமானிய நகர இடிபாட்டிலிருந்து எடுத்த செங்கல்லில் கட்டியது. அங்கிருந்து பப்புக்கு இறக்கம்தான். ஆனால் திரும்பி மேலே ஏற வேண்டியிருக்கும், அதற்கும் டாக்ஸி சொல்லி வையுங்கள். பப்பைத் தாண்டினால் வெர் ஆறு, ஏரி, உட்காரப் பெஞ்சுகள். மழை இல்லாத நாளாகப் பாருங்கள்.